போதையை விட்டுட்டு வந்த முதல் நாட்கள்தான் ஆபத்து: எங்களுக்கு யாரும் சொல்லாதது

கடைசிப்படி:

தம்பி இறந்துபோய் பதினாலு மாசம் ஆச்சு. இவ்வளவு நாளா இந்த மன்றத்துல படிக்க மட்டும்தான் வருவேன். நேத்து ஒரு இழையில யாரோ, "அண்ணன் சனிக்கிழமை மறுவாழ்வு சென்டர்லேருந்து வர்றான், இனி கவலையில்லை"ன்னு எழுதியிருந்தாங்க. கீழே வரிசையா வாழ்த்து. படிச்சதும் கை நடுங்கிப்போச்சு. நாங்களும் அப்படித்தான் சந்தோஷப்பட்டோம்.

அவனுக்கு இருபத்தாறு வயசு. விபத்துல முதுகுல அடிபட்டு, ஆபரேஷன் ஆகி, வலி மாத்திரையில ஆரம்பிச்சது. டாக்டர் மாத்திரையை நிறுத்தினதும் வேற எங்கேயோ தேடிப் போனான். கடைசியில ஹெராயின். வீட்டுல எங்களுக்குத் தெரியவே ரெண்டு வருஷம் ஆச்சு. சட்டைப் பையில மடிச்சு வச்ச அலுமினியத் தாள் இருக்கும், நடுவுல கறுப்பா ஒரு கோடு ஓடியிருக்கும். துணி துவைக்கப் போடும்போது எத்தனை தடவை எடுத்து எறிஞ்சிருக்கேன், சிகரெட் பெட்டித் தாள்னு நினைச்சு.

மறுவாழ்வு மையத்துல 45 நாள் இருந்தான். ஒரு திங்கட்கிழமை கூட்டிட்டு வந்தோம். போகும்போது மணிக்கட்டு ரொம்ப மெலிஞ்சிருந்தது, வாட்ச் வார்ல ஆணியால புதுசா ஓட்டை போட்டுக் கட்டியிருந்தான். திரும்பி வந்தப்போ பழைய ஓட்டைக்கே வந்துட்டான். கையை நீட்டி எங்கிட்ட காட்டினான். அம்மா அந்த வாட்சைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாங்க.

வியாழக்கிழமை ராத்திரி குளியலறைக்குள்ள போனவன் வெளிய வரலை. உள்ள தாழ்ப்பாள். முதல் இருபது நிமிஷம் குளிக்கிறான்னு விட்டுட்டோம். அப்புறம் கதவை உடைச்சோம்.

ஆஸ்பத்திரியில ஒரு டாக்டர் எங்களை உக்கார வச்சு சொன்னார். அவன் பழைய அளவைத்தான் எடுத்திருக்கணும்னார். முன்னாடி அந்த அளவுக்கு உடம்பு பழகியிருந்தது. 45 நாள் இல்லாம இருந்த உடம்புக்கு அதுவே விஷம். மையத்துல அனுப்பும்போது "பையன் இப்ப முழு சுத்தம், தைரியமா கூட்டிட்டுப் போங்க"ன்னாங்க. அந்தச் சுத்தத்துலதான் ஆபத்து இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லலை.

தெரிஞ்சவங்க தயவுசெஞ்சு விளக்கமா எழுதுங்க. நேத்து எழுதினவங்க வீட்டுக்கு இது போய்ச் சேரணும்.

ஒருங்கிணைப்பாளர்:

நேற்றைய இழையிலும் இந்த இணைப்பைப் போட்டிருக்கிறேன். ஒரு வேண்டுகோள்: எந்தப் பொருள், எவ்வளவு அளவு, எங்கே கிடைக்கும் என்று யாரும் எழுத வேண்டாம். எழுதினால் நீக்கிவிடுவேன்.

இரவுப்பணி:

அக்கா, நான் அவசர சிகிச்சைப் பிரிவுல பதினோரு வருஷமா நர்ஸா இருக்கேன். அந்த டாக்டர் சொன்னது உண்மை. நாங்க இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். வர்றவங்கள்ல நிறைய பேர் சமீபத்துல ஜெயில்லேருந்தோ, மையத்துலேருந்தோ, வேற நோய்க்காக ஆஸ்பத்திரியில கிடந்தோ வீட்டுக்கு வந்தவங்க.

ஹெராயின், மார்ஃபின், ஃபென்டனில், டிரமடால் மாதிரி வலி மாத்திரை எல்லாமே அபின் வகை. ஓபியாய்டுன்னு எழுதுவாங்க. மூளையோட அடித்தண்டுல, நாம தூங்கும்போதும் மூச்சை ஓட்டிக்கிட்டே இருக்கிற ஒரு இடம் இருக்கு. இந்த மருந்துகள் அதை மந்தமாக்கும். தினமும் எடுக்கிறவங்களுக்கு உடம்பு ஓரளவு தாங்கப் பழகிடும். நிறுத்தினா அந்தத் தாங்கும் சக்தி நாட்கணக்குல, வாரக்கணக்குல இறங்கிடும். ஆனா மனசுல "எனக்கு இவ்வளவு வேணும்"னு இருக்கிற கணக்கு இறங்காது. ஆளைக் கொல்றது அந்த இடைவெளிதான்.

அமெரிக்காவுல வாஷிங்டன் மாநிலத்துல சிறையிலேருந்து விடுதலையான முப்பதாயிரம் பேரை வச்சு ஒரு ஆய்வு 2007-ல வந்தது. வெளிய வந்த முதல் ரெண்டு வாரத்துல ஓவர்டோஸால சாகிற அபாயம் மத்த மக்களைவிட 129 மடங்கு. எங்க பிரிவுல புதுசா சேர்றவங்களுக்கு நான் முதல்ல சொல்றது இந்த எண்ணைத்தான்.

அறிகுறிகளை எல்லாரும் மனசுல வச்சுக்கணும். கண்மணி ஊசிமுனை மாதிரி சுருங்கியிருக்கும். உதடும் நகமும் நீலம் பாயும், நிறம் கறுத்தவங்களுக்குச் சாம்பலாத் தெரியும். தட்டினாலும் கிள்ளினாலும் எழுந்திருக்க மாட்டாங்க. மூச்சு ரொம்ப இடைவெளி விட்டு வரும், இல்லேன்னா தொண்டையில கொறகொறன்னு ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தைக் குறட்டைன்னு நினைச்சு போர்வையைப் போர்த்திவிட்டுப் போன குடும்பங்களை நான் பார்த்திருக்கேன். காலையில கூட்டிட்டு வருவாங்க.

பெரியவங்களுக்கு மூச்சு நிமிஷத்துக்கு 12-லேருந்து 20 வரைக்கும் இருக்கணும். எட்டு, பத்துன்னு இறங்கி, எழுப்பினாலும் எழலேன்னா உடனே ஆம்புலன்ஸ். தண்ணி ஊத்தாதீங்க, உப்புத் தண்ணி குடிக்க வைக்காதீங்க, கைத்தாங்கலா நடக்க வைக்காதீங்க, "தூங்கி எழுந்தா தெளிஞ்சிடும்"னு விடவே விடாதீங்க. மல்லாக்கப் படுக்க வச்சு தாடையைத் தூக்கி, மூக்கைப் பொத்தி, வாயோட வாய் வச்சு அஞ்சு விநாடிக்கு ஒரு தடவை ஊதுங்க. நாடித்துடிப்பே இல்லேன்னா நெஞ்சை அழுத்தணும். ஆம்புலன்ஸ் போன்ல எப்படின்னு சொல்லுவாங்க, லைனைத் துண்டிக்காதீங்க. மூச்சு வந்துட்டா ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும், வாந்தி எடுத்தா மூச்சுக்குழாய்க்குள்ள போகாம இருக்க.

நலாக்சோன்னு ஒரு மாற்று மருந்து இருக்கு. ஊசியாவும் மூக்கு ஸ்ப்ரேயாவும் வருது. ரெண்டு மூணு நிமிஷத்துல மூச்சைத் திருப்பிக் கொண்டுவரும். ஆனா அதோட வேலை அரைமணியிலேருந்து ஒன்றரை மணி நேரம்தான், உள்ள இருக்கிற போதை அதைவிட நீளமா நிக்கலாம். ஆள் எழுந்து உக்கார்ந்துட்டான்னு விட்டுடக் கூடாது, ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகணும். இது வீட்டாள், நண்பர்கள் கையிலயே இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் 2014-லயே சொல்லிடுச்சு. உங்க இடத்துல எப்படிக் கிடைக்கும்னு மையத்துலயோ டாக்டர்கிட்டயோ கேட்டு வாங்கி வச்சுக்குங்க. இதைக் கொடுத்து ஆளுங்களை என் கையால எழுப்பியிருக்கேன். எழுந்ததும் சிலர் நம்மைத் திட்டுவாங்க. திட்டட்டும்.

நேர்க்கோடு:

சகோதரிக்கு என் ஆழ்ந்த வருத்தம். ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எல்லாவற்றையும் மூளை, நரம்பு என்று பேசிக்கொண்டே போனால் மனிதனுக்குப் பொறுப்பு எங்கே? வியட்நாம் போரில் இருந்த அமெரிக்க வீரர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் அங்கே ஹெராயினுக்கு அடிமையாகியிருந்தார்கள். லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் 1971-இல் நாடு திரும்பியவர்களைத் தொடர்ந்து விசாரித்தார். அடிமையாகியிருந்தவர்களில் முதல் ஆண்டில் மறுபடி அடிமையானவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்தான். பெரும்பாலோர் பெரிய சிகிச்சை எதுவுமின்றி விட்டார்கள். அவர்களால் முடிந்தது நம் பிள்ளைகளால் ஏன் முடியாது? குடும்பம் கண்டிப்பாக இருந்தால் முடியும் என்றே நம்புகிறேன்.

ஏழாம்வருஷம்:

நேர்க்கோடு சார், நான் ஊசி போட்டுக்கிட்டவன். நிறுத்தி ஏழு வருஷம் ஆச்சு. நீங்க சொன்ன ஆய்வு எனக்கும் தெரியும், எங்க குழுவுல இதைப் பத்திப் பேசியிருக்கோம். அதை நான் வேற மாதிரிப் படிக்கிறேன். அந்த வீரர்கள் போதையை விட்டதோட அந்த நாட்டையே விட்டு வந்தாங்க. விக்கிறவன், கூட எடுத்தவன், அந்தக் கூடாரம், அந்தப் பயம் எல்லாமே கடலுக்கு அந்தப் பக்கம் நின்னுடுச்சு. எங்க கதை நேர் தலைகீழ். நாங்க சிகிச்சைக்கு வேற ஊர் போறோம், குணமாகி அதே தெருவுக்குத் திரும்பி வர்றோம். பஸ்ஸை விட்டு இறங்கினதும் பழைய ஆள் கை காட்டுவான்.

பொறுப்பு இல்லேன்னு நான் சொல்லவே மாட்டேன். அம்மா பீரோவிலேருந்து எடுத்தது நான்தான், என் நரம்பு எடுக்கலை. ஆனா விடணும்ங்கிற மனசு எனக்கு எப்பவும் இருந்தது சார். ஊசியைக் கையில வச்சுக்கிட்டே "இதோட சரி"ன்னு அழுதிருக்கேன். நாலு தடவை மையத்துக்குப் போனேன். மூணு தடவை திரும்ப விழுந்தேன். சிகிச்சை எடுத்தவங்கள்ல நூத்துக்கு 40-லேருந்து 60 பேர் மறுபடி ஒரு தடவையாவது எடுத்துடுவாங்கன்னு ஆய்வு சொல்லுது. ரத்தக் கொதிப்பு, ஆஸ்துமா வைத்தியத்தை விட்டுட்டு மறுபடி மோசமாகிறவங்களும் ஏறக்குறைய அதே கணக்குதான். அவங்களை யாரும் வீட்டை விட்டுத் துரத்தறதில்லை.

முதல் வாரம் எப்படி இருக்கும்னு சொல்றேன், தெரிஞ்சுக்குங்க. மையத்துல ஆறு மணிக்கு மணி அடிச்சு எழுப்புவாங்க. ராத்திரி வரைக்கும் அடுத்து என்னன்னு யாராவது சொல்லிக்கிட்டே இருப்பாங்க. வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில எழுந்து உக்கார்ந்தா நாள் முழுக்க வெறுமையா முன்னாடி கிடக்கும். வீட்டுல எல்லாரும் மெதுவாப் பேசுவாங்க. நான் எழுந்து நடந்தா பேச்சு நிக்கும். குளியலறையில கொஞ்சம் நேரமானா வெளிய காலடிச் சத்தம் கேட்கும். தப்பில்லை, பயம்தான். ஆனா நமக்கு "இவங்க ஏற்கனவே முடிவு பண்ணிட்டாங்க"ன்னு தோணிடும். அந்த ஒரு நினைப்பு போதும். "ஒரே ஒரு தடவை, நாளைலேருந்து சரியா இருப்பேன்"னு மனசு பேரம் பேச ஆரம்பிச்சிடும். யாருக்கும் தெரியக் கூடாதுங்கிறதுக்காகத்தான் கதவைத் தாழ்ப்பாள் போடறது. வெட்கம்தான் அந்தத் தாழ்ப்பாளைப் போட வைக்குது.

கடைசிப்படி அக்கா, உங்க தம்பி உங்களை ஏமாத்தணும்னு அந்த வாட்சைக் காட்டலை. திங்கட்கிழமை அவன் காட்டினது நிஜமான சந்தோஷம். நான் அந்த இடத்துல இருந்திருக்கேன், அதனால உறுதியா சொல்றேன்.

கடைசிப்படி:

இதைத்தான் யாராவது சொல்ல மாட்டாங்களான்னு இருந்தேன். அம்மாகிட்ட படிச்சுக் காட்டினேன்.

நூலகமேசை:

நான் உளவியல் படிக்கிறேன். தாங்கும் சக்தியைப் பற்றி இரவுப்பணி எழுதியதோடு ஒன்றைச் சேர்க்கலாம். 1982-இல் ஷெப்பர்ட் சீகல் என்பவரும் கூட இருந்தவர்களும் எலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஹெராயினுக்குப் பழகிய எலிகளுக்கு ஒரு பெரிய அளவைக் கொடுத்தார்கள். வழக்கமாக மருந்து ஏற்றும் அறையிலேயே கொடுத்தபோது மூன்றில் ஒரு பங்கு எலிகள் செத்தன. அதே அளவைப் பழக்கமில்லாத அறையில் கொடுத்தபோது மூன்றில் இரண்டு பங்கு செத்தன. ஹெராயினுக்கே பழகாத எலிகள் ஏறக்குறைய எல்லாமே செத்தன.

பழகிய இடமும் பொருட்களும் கண்ணில் பட்டவுடனே, வரப்போகும் மருந்தை எதிர்க்க உடம்பு முன்கூட்டியே தயாராகிவிடுகிறது என்பதுதான் சீகல் தந்த விளக்கம். இடம் மாறினால் அந்தத் தயாரிப்பு இல்லை. அதாவது தாங்கும் சக்தியில் ஒரு பகுதி இடத்தோடும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மனிதர்களிடம் இதை அப்படியே சோதித்துப் பார்க்க முடியாது என்பதால் அளவாகத்தான் சொல்கிறேன். ஆனால் இதே விஷயத்தின் மறுபக்கத்தைப் பல குடும்பங்கள் பார்த்திருப்பார்கள்: மாதக்கணக்கில் எடுக்காதவருக்கும் பழைய இடத்தைத் தாண்டிப் போகும்போது வியர்த்து, வயிறு கலங்கி, ஆசை பொங்கும்.

கடைசிப்படி:

அவன் எப்பவும் ஒரு நண்பனோட அறையிலதான் எடுத்திருக்கான். எங்க வீட்டுக்குள்ள அதுதான் முதல் தடவை. இதை இன்னைக்குத்தான் யோசிக்கிறேன்.

சாம்பல்குருவி:

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். எங்கள் அப்பாவுக்குக் குடிதான். தினமும், காலையிலிருந்தே. மற்றப் போதை எதுவும் இல்லை. நாளையிலிருந்து ஒரு சொட்டு கூடத் தொட மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறார். வீட்டிலேயே ஒரு அறையில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாமா?

இரவுப்பணி:

வேண்டாம். நாளைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, அதுவரைக்கும் திடீர்னு நிறுத்த வேண்டாம். ஹெராயினை நிறுத்தும்போது படற வேதனை பெருசு, ஆனா வாந்தி பேதியில உடம்பு வறண்டு போகாம பார்த்துக்கிட்டா அந்த வேதனை உயிரை எடுக்கிறது குறைவு. குடி அப்படியில்லை. நிறைய, நாள்பட்டுக் குடிச்சவங்க சட்டுன்னு நிறுத்தினா வலிப்பு வரலாம். ரெண்டாம் நாள்லேருந்து நாலாம் நாளுக்குள்ள கை நடுக்கம், காய்ச்சல், இல்லாத ஆளைப் பார்த்துப் பேசறது எல்லாம் வரும், அது உயிருக்கே ஆபத்து. தூக்க மாத்திரையை வருஷக்கணக்கா எடுத்தவங்களுக்கும் இதே எச்சரிக்கைதான். படிப்படியா இறக்கணும்.

சாம்பல்குருவி:

நன்றி. காலையில் முதல் வேலையாகக் கூட்டிப் போகிறேன்.

வெள்ளைத்தாள்:

மனநல மருத்துவராக இருக்கிறேன். கடைசிப்படி எழுதியதைப் படித்த பிறகு எங்கள் துறையைப் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. பல இடங்களில் சிகிச்சை என்றாலே உள்ளே வைத்துப் பூட்டி, நச்சை இறக்கி, இத்தனை நாள் என்று எண்ணி அனுப்பிவிடுவதுதான். அபின் வகைக்கு அடிமையானவருக்கு அது பாதி வேலைகூட இல்லை. தொடர் மருந்து எதுவும் இல்லாமல் வெறும் உடம்போடு வெளியே அனுப்பினால், அவரை முன்னைவிட ஆபத்தான நிலையில் அனுப்புகிறோம் என்று பொருள்.

இந்தத் தொடர் சிகிச்சைக்கு மெத்தடோன், புப்ரினார்பின் என்ற இரண்டு அபின் வகை மருந்துகள் இருக்கின்றன. மெத்தடோனைத் தொடர் சிகிச்சையாகக் கொடுக்கும் முறையை 1960-களின் நடுவில் நியூயார்க்கில் வின்சென்ட் டோல், மேரி நைஸ்வாண்டர் இருவரும் தொடங்கிவைத்தார்கள். இரண்டு மருந்துகளும் 2005-இலிருந்து உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கின்றன. இந்தச் சிகிச்சையில் தொடர்ந்து இருப்பவர்களின் இறப்பு விகிதம், விட்டு விலகியவர்களின் விகிதத்தில் பாதிக்கும் கீழே இருக்கிறது. "ஒரு போதைக்கு இன்னொரு போதையா?" என்று கேட்காத குடும்பமே இல்லை. அளவோடு, மேற்பார்வையில் கொடுக்கும்போது இது போதை ஏற்றுவதில்லை. ஏக்கத்தை அடக்கி, ஆளை வேலைக்குப் போக வைக்கிறது. தாங்கும் சக்தி முழுக்க விழுந்துவிடாமலும் பிடித்துவைக்கிறது. எத்தனை மாதம், எத்தனை வருடம் என்பதை அவரவர் நிலையைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். அவசரப்பட்டு நிறுத்தக் கூடாது.

எவ்வளவு பேருக்கு இது கிடைக்கிறது என்பதைப் பாருங்கள். ஐ.நா.வின் போதைப்பொருள் அலுவலகம் 2024-இல் வெளியிட்ட உலக அறிக்கையின்படி 2022-இல் 29.2 கோடிப் பேர் ஏதோ ஒரு போதைப்பொருளைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். பத்து ஆண்டுகளில் ஐந்தில் ஒரு பங்கு கூடியிருக்கிறது. இதில் நோய் என்று சொல்லும் நிலைக்குப் போனவர்கள் 6.4 கோடி. அந்த 6.4 கோடியில் சிகிச்சை கிடைப்பது பதினொன்றில் ஒருவருக்கு. ஆண்களில் ஏழில் ஒருவர் என்றால் பெண்களில் பதினெட்டில் ஒருவர். பெண் என்றால் வீடு இன்னும் இறுக்கமாக மூடிக்கொள்கிறது. என்னிடம் வரும் பெண்களில் பலர் வேறு ஏதோ நோய் என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் வருகிறார்கள்.

பெயர்வேண்டாம்:

என் மகன் சனிக்கிழமை வருகிறான். அறுபது நாள் முடிகிறது. நேற்று "இனி கவலையில்லை" என்று எழுதியது என் மகள்தான், அவள்தான் இதைக் காட்டினாள். இன்று காலையிலிருந்து மூன்று முறை படித்துவிட்டேன். என்ன செய்யவேண்டும் என்று யாராவது எனக்கு நேராகச் சொல்லுங்கள். அவன் அறையைச் சோதிக்கவேண்டுமா? போனை வாங்கி வைத்துக்கொள்ளவேண்டுமா?

ஏழாம்வருஷம்:

அம்மா, சோதிக்காதீங்க. நாங்க ஒளிச்சு வச்சா உங்களுக்குக் கிடைக்காது. கிடைச்சாலும் அன்னைக்கு ஒரு சண்டைதான் மிஞ்சும். வந்த அன்னைக்கே, எல்லாரும் கலைஞ்ச பிறகு, தனியா உக்கார்ந்து ஒண்ணு சொல்லுங்க: "நீ மறுபடி எடுக்கக் கூடாதுன்னுதான் நான் வேண்டிக்கிறேன். அப்படி ஒருவேளை மனசு இழுத்தா, எடுக்கிறதுக்கு முன்னாடி என்னை எழுப்பு, எந்த நேரமானாலும் சரி. எடுத்துட்டாலும் என்கிட்ட சொல்லு. பழைய அளவு இப்ப உன்னைக் கொன்னுடும். கதவை மட்டும் தாழ்ப்பாள் போட்டுக்காதே." நாலாவது தடவை நான் வந்தப்போ என் அக்கா கிட்டத்தட்ட இதைத்தான் சொன்னா. பத்தாம் நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு அவ கதவைத் தட்டினேன். விடியற வரைக்கும் மாடிப்படியில உக்கார்ந்திருந்தோம். அவ ஒண்ணும் பெருசாப் பேசலை.

நேர்க்கோடு:

"எடுத்துவிட்டாலும் சொல்" என்பது அனுமதி கொடுத்ததாக ஆகிவிடாதா?

வெள்ளைத்தாள்:

அப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் அவர் உங்கள் அனுமதிக்காகக் காத்திருப்பவர் அல்ல. எடுத்தால் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று சொன்ன வீட்டில், எடுத்த பிறகு அவர் யாரையும் கூப்பிட மாட்டார். மூச்சு மந்தமாகும் அந்தச் சில நிமிடங்களில் பக்கத்தில் ஒரு ஆள் இருக்கிறாரா என்பதுதான் உயிரை முடிவுசெய்கிறது. கண்டிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பணம் தராதீர்கள், பொய்க்குத் துணை போகாதீர்கள், கடனை அடைக்காதீர்கள். ஆனால் உயிர் விஷயத்தில் நிபந்தனை வைக்காதீர்கள்.

பெயர்வேண்டாம், நீங்கள் வெள்ளிக்கிழமைக்குள் மையத்துக்குப் போன் செய்து மூன்று கேள்விகள் கேளுங்கள். தொடர் மருந்து எது, யார் கொடுப்பார்கள்? முதல் வாரத்தில் எந்த நாள் மறுபடி பார்க்க வரவேண்டும்? நலாக்சோன் எங்கே வாங்கலாம்? பதில் சரியாக இல்லையென்றால் அவன் வருவதற்கு முன்பே வேறொரு மருத்துவரிடம் நேரம் வாங்கிவிடுங்கள்.

இரவுப்பணி:

தூக்க மாத்திரையோ மதுவோ இதோட சேர்ந்தா மூச்சு இன்னும் சீக்கிரம் நிக்கும். வீட்டுல யாருக்காவது தூக்க மாத்திரை இருந்தா பூட்டி வைங்க அம்மா. வாயோட வாய் வச்சு ஊதறதை நீங்களும் மகளும் தலையணையை வச்சாவது ஒரு தடவை செஞ்சு பாருங்க. நேரம் வரும்போது கை தானா ஓடணும்.

நேர்க்கோடு:

என் கருத்து முழுவதும் மாறவில்லை. என் மகனும் மையத்திலிருந்து வெளியே வந்து மூன்று வாரம் ஆகிறது. அவனோடு பேசுவதை நிறுத்தியிருந்தேன். குளியலறைக்கு வெளியிலிருந்தும் திறக்கும்படியான பூட்டு இருக்கிறதா என்று யாராவது சொல்ல முடியுமா?

கடைசிப்படி:

இருக்கு சார். வெளிப்பக்கம் ஒரு சின்ன வெட்டு இருக்கும், நாணயத்தை வச்சுத் திருப்பினா திறந்துக்கும். ஹார்டுவேர் கடையில கேட்டா தருவாங்க. இன்னைக்கே மாட்டுங்க. மாட்டிட்டு அவன்கிட்ட ஏன்னு சொல்லிடுங்க.

பெயர்வேண்டாம்:

வந்துவிட்டான். மையத்தில் மருந்துச் சீட்டு கொடுத்திருக்கிறார்கள், செவ்வாய்க்கிழமை மருத்துவரைப் பார்க்க நேரமும் வாங்கியாயிற்று. ஸ்ப்ரே மகளின் மேசை மேல் இருக்கிறது. நீங்கள் எழுதிக்கொடுத்ததை அப்படியே சொல்ல நினைத்தேன், பாதியிலேயே அழுதுவிட்டேன். அவன்தான் மீதியைச் சொல்லச் சொல்லிக் கேட்டான். கதவு போடமாட்டேன் என்றான்.

இப்போது மணி ஒன்றரை. தூங்குகிறான். கதவு திறந்திருக்கிறது. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மூச்சை எண்ணினேன். நிமிடத்துக்குப் பதினைந்து.